இழுத்தா மட்டும் போதுமா?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது சினிமா ட்ரெய்லர் பத்தின பதிவு இல்லை. காருக்குப் பின்னாடி கட்டி இழுக்கிற ட்ரெய்லர். அதுவும் அது மேல இன்னொரு காரை ஏத்தி இழுத்துட்டுப் போற சமாசாரம். அமெரிக்காவில் வேலை மாறி ஊர் மாறுற நம்ம ஜனங்க நிறைய பேருக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வரும். "வீட்ல ரெண்டு கார் இருக்கு. ஒண்ணு எஸ்யூவி. 5,000 பவுண்ட் இழுக்கும்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கான். இன்னொண்ணை அது பின்னாடி கட்டிக்கிட்டுப் போனா என்ன?"

போகலாம். நானும் போயிருக்கேன். ஆனா அந்த 5,000 இருக்கே, அது விளம்பரத்தோட நம்பர், உங்க நம்பர் இல்லை. உங்க நம்பரை நீங்கதான் உட்கார்ந்து கழிச்சுக் கண்டுபிடிக்கணும். அந்தக் கழித்தல் கணக்குதான் இந்தப் பதிவு. நாலாம் கிளாஸ் கணக்குதான், பயப்படாதீங்க :-)

கதைக்கு வருவோம். என் காலேஜ் நண்பன் ஒருத்தன், ஃப்ரீமாண்ட்ல பக்கத்துத் தெருவில் பத்து வருஷமா இருந்தான். போன வருஷம் ஓரிகன் மாநிலத்துல, போர்ட்லண்டுக்கு மேற்கே இருக்கிற ஹில்ஸ்பரோவுக்கு வேலை மாறினான். அவன்கிட்ட ஒரு 2012 கரோலா. ஹெட் கேஸ்கெட் போயாச்சு. பத்து நிமிஷம் ஓட்டினா சூடாகி நின்னுடும். இங்கே மெக்கானிக் கேட்ட தொகை அந்தக் காரோட விலையில பாதி. ஆனா ஹில்ஸ்பரோவில் இருக்கிற அவன் மச்சான் ஒரு கார் ரிப்பேர் பைத்தியம். "இங்க கொண்டு வந்துடுங்க மாமா, நான் பிரிச்சு மாட்டிடறேன்"னு போன்ல சொல்லிட்டான்.

"வித்துத் தொலைடா"ன்னு நான் சொன்னேன். "என் பொண்ணை ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த கார்டா அது"ன்னான். அதுக்கு மேல நான் என்ன பேச? கார் ஏத்திட்டுப் போற கம்பெனிகளைக் கேட்டா, ஓடாத காருக்குத் தனி ரேட். கடைசியில அவன் பார்வை என் வீட்டு வாசல்ல நிக்கிற ஹைலேண்டர் மேல விழுந்துது.

எனக்கு இந்த விஷயத்துல கொஞ்சம் பழக்கம் உண்டு. எங்க ஆபீஸ்ல ஒரு அமெரிக்கப் பெரியவர், அறுபது தாண்டினவர். வாரக் கடைசியில வில்லோஸ் பக்கத்துல இருக்கிற தண்டர்ஹில் ரேஸ் ட்ராக்குக்கு ஒரு பழைய மியாட்டாவை அலுமினிய ட்ரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போவார். நானும் எடுபிடியா ஏழெட்டுத் தடவை கூடப் போயிருக்கேன். என் வண்டியில ஹிட்ச், ட்ரெய்லர் பிரேக் கண்ட்ரோலர், ஏழு பின் வயரிங் எல்லாம் மாட்டினது அவர் மேற்பார்வையிலதான். இந்தப் பதிவுல 'குருநாதர்'னு வந்தா அவர்தான்.

குருநாதர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: "எவ்வளவு இழுக்கும்னு கேட்காதே. எவ்வளவை நிறுத்தும், எவ்வளவை நேரா வெச்சிருக்கும்னு கேளு." இன்ஜினுக்கு இழுக்கிறது ஒரு பெரிய வேலையே இல்லை. 5,000 என்ன, சமதரையில் மெதுவா போனா அதுக்கு மேலயும் இழுத்துடும். அதனாலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. கிளம்பும்போது நல்லா இருக்கும். இறக்கத்துலயும், காத்துலயும், திடீர்னு பிரேக் போடும்போதும்தான் பூனைக்குட்டி வெளியில வரும்.

சரி, அந்த 5,000 எங்கேர்ந்து வருது? முன்னெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு நம்பர் போட்டுக்கிட்டு இருந்தது. 2008-ல எஸ்ஏஇ என்கிற பொறியாளர் அமைப்பு ஜே2807னு ஒரு பொதுவான சோதனை முறையைக் கொண்டுவந்தது. டொயோட்டாதான் 2011 மாடல்களுக்கு முதல்ல அதை ஏத்துக்கிட்டது. அரிசோனாவில் டேவிஸ் டாம் பக்கத்துல கிட்டத்தட்ட 12 மைல் நீளத்துக்கு ஒரு ஏற்றம் இருக்கு. கொளுத்துற வெயில்ல ஏசியை முழுசா போட்டுக்கிட்டு அதுல ட்ரெய்லரோட ஏறணும், சாதாரண வண்டின்னா வேகம் 40 மைலுக்குக் கீழ இறங்கக் கூடாது. நல்ல சோதனைதான். ஆனா அந்தச் சோதனையில வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிறதா கணக்கு வெக்கிறது ரெண்டே பேர். தலைக்கு 150 பவுண்ட். அதாவது 68 கிலோ. தங்கமணி, குழந்தைகள், ஊர்லேர்ந்து வந்த மாமியார், நாலு சூட்கேஸ், இட்லி குக்கர் இதெல்லாம் அந்தக் கணக்கிலேயே இல்லை.

இன்னொண்ணு. ஒரே பேர்ல இருக்கிற எல்லா வண்டியும் ஒண்ணு இல்லை. என் 2019 ஹைலேண்டரையே எடுத்துக்குங்க. வி6 இன்ஜின்னா 5,000 பவுண்ட். ஹைப்ரிட்னா 3,500. நாலு சிலிண்டர்னா வெறும் 1,500. வெளியிலேர்ந்து பார்த்தா மூணும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஹோண்டா பைலட்டும் அப்படித்தான், நாலு சக்கர டிரைவ்னா 5,000, ரெண்டு சக்கர டிரைவ்னா 3,500. பக்கத்து வீட்டுக்காரர் இழுக்கிறாரேன்னு நாமளும் இழுத்தா வில்லங்கம். அதனால உங்க வண்டியோட கையேடுதான் வேதம்.

இப்ப ட்ரெய்லருக்கு வருவோம். நண்பனோட முதல் திட்டம், யூ-ஹால்ல கார் ட்ரெய்லர் வாடகைக்கு எடுக்கிறது. உறுதியான இரும்பு ட்ரெய்லர், குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா காலியாவே அதோட எடை 2,210 பவுண்ட். கரோலா சுமாரா 2,800. கூட்டினா 5,010. ஒரு கயிறு கூட கட்டறதுக்கு முன்னாடியே 5,000-ஐத் தாண்டியாச்சு!

"பத்து பவுண்ட்தானேடா, காலையில பெட்ரோல் டேங்கை காலி பண்ணிட்டா சரியாப் போச்சு"ன்னான். இன்ஜினியர் புத்தி.

குருநாதர்கிட்ட கேட்டேன். தன்னோட அலுமினிய ட்ரெய்லரைத் தர்றேன்னார். அது 1,500 பவுண்ட். 1,500 கூட்டல் 2,800 கூட்டல் பட்டைகள், ஸ்பேர் டயர் எல்லாம் ஒரு 50. மொத்தம் 4,350. அப்பாடா, 5,000-க்குள்ள 650 பவுண்ட் இடம் இருக்குன்னு நண்பனுக்கு ஒரே குஷி. உடனே லிஸ்ட் போட ஆரம்பிச்சுட்டான். புத்தகப் பெட்டிகள், பாத்திரம், வெட் கிரைண்டர் எல்லாம் சேர்த்து 300 பவுண்ட் கரோலா டிக்கியில. ஹைலேண்டர்ல நாங்க ரெண்டு பேர், அவன் மனைவி, ஆறு வயசுப் பொண்ணு, கூடவே நாலு சூட்கேஸ், சமையலறைப் பெட்டிகள், மொத்தம் 350 பவுண்ட். "எல்லாம் சேர்ந்து ஒரே ட்ரிப், ஒரு பிக்னிக் மாதிரி போயிடலாம்"னான்.

இங்கேதான் எங்களுக்குள்ள முட்டிக்கிச்சு. ஏன்னு புரியணும்னா மாட்டு வண்டியைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.

எங்க தாத்தா வீட்ல பார வண்டி இருந்தது. மூட்டை அடுக்கும்போது பண்ணையாள் வாயில அடிக்கடி வர்ற ரெண்டு வார்த்தை முன்பாரம், பின்பாரம். முன்பாரம் அதிகமானா நுகத்தடி மாட்டுக் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஆனா நுகத்தடி மேல தூக்கி, மாட்டோட கழுத்துக் கயிறு இறுக்கும். சரியான வண்டிக்கு முன்னால கொஞ்சம், அளவா கொஞ்சம், பாரம் இருக்கணும்.

கார் ட்ரெய்லரும் அதேதான். ட்ரெய்லரோட மூக்கு, ஹிட்ச்ல இருக்கிற பந்து மேல எவ்வளவு அழுத்துதோ அதுக்குப் பேர் டங் வெயிட். நம்ம பாஷையில முன்பாரம்னே வெச்சுக்கலாம். மொத்த ட்ரெய்லர் எடையில 10-லேர்ந்து 15 சதவீதம் இருக்கணும்னு பொதுவா சொல்வாங்க. இது குறைஞ்சா ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். எந்த ட்ரெய்லருக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அதுக்குக் கீழ போகும்போது ஒரு ஆட்டம் வந்தா தானா அடங்கும். அதுக்கு மேல போனா ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதை விடப் பெருசாகும், கடைசியில வண்டியையே இழுத்துக் கவிழ்த்துடும். பின்பாரம் ஏற ஏற அந்த எல்லை கீழ இறங்கிக்கிட்டே வரும். 70 மைல் வரைக்கும் சமர்த்தா வர்ற ட்ரெய்லர், டிக்கியை அடைச்சா 50 மைல்லயே ஆட ஆரம்பிக்கலாம்.

அதுக்காக முன்பாரத்தை ஏத்திக்கிட்டே போகவும் முடியாது. என் ஹைலேண்டர் ஹிட்ச்சுக்கு முன்பார உச்ச வரம்பு 500 பவுண்ட். 4,350-ல 10 சதவீதம் 435. ஆக எனக்கு இருக்கிற ஜன்னல் 435-லேர்ந்து 500 வரைக்கும்தான். குருநாதர் 11 சதவீதத்தைக் குறி வெக்கச் சொன்னார், அதாவது சுமார் 480.

இப்ப நண்பனோட டிக்கியைப் பார்ப்போம். கரோலாவை முன்பக்கம் பார்த்து ஏத்தினா அதோட டிக்கி ட்ரெய்லர் அச்சுக்கு அஞ்சடி பின்னால நிக்கும். அச்சுலேர்ந்து ஹிட்ச் பந்து வரைக்கும் 14 அடி. சீ-சா மாதிரிதான், பின்னால 300 பவுண்ட் வெச்சா முன்னால 107 பவுண்ட் தூக்கும். 480 இருந்த முன்பாரம் 373 ஆயிடும். மொத்த எடையோ 4,650 ஆயிடும். சதவீதம் எட்டு. வால் ஆட்டறதுக்கு நாமளே வெத்தலை பாக்கு வெச்சு அழைச்ச மாதிரி.

"சரி, காரைக் கொஞ்சம் முன்னால தள்ளி ஏத்திடலாம்"னான். தள்ளலாம். ஆனா 4,650-க்கு 11 சதவீதம் 512. ஹிட்ச் வரம்பைத் தாண்டியாச்சு. அது மட்டுமில்லை, இப்பதான் அந்தக் கதவு ஸ்டிக்கர் வருது.

டிரைவர் கதவைத் திறந்தா, கதவு நிலையில மஞ்சளும் வெள்ளையுமா டயர் பத்தின ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகவே கூடாதுன்னு அதுல ஒரு நம்பர் போட்டிருக்கும். என் வண்டியில 1,380. இழுக்கிற திறனைப் பத்தி மணிக்கணக்கா பேசறவங்க இந்த நம்பரைப் பார்க்கறதே இல்லை. ஆனா ட்ரெய்லரோட முன்பாரம் உட்கார்றது நம்ம வண்டி மேலதான். அதுவும் சாமான் கணக்குலதான் சேரும். கழிச்சுப் பாருங்க.

1,380-ல முன்பாரம் 512 போனா 868. ஹிட்ச் கம்பி 25 போனா 843. நான், நண்பன், அவன் மனைவி, குழந்தை, குழந்தையோட சீட் எல்லாம் சேர்த்து 545 போனா 298. அதுல 350 பவுண்ட் சூட்கேஸும் பெட்டியும் வெக்கணும். 52 பவுண்ட் துண்டு விழுது.

பேப்பர்ல எழுதிக் காட்டினேன். பின்னால விட்டா வால் ஆடும், முன்னால தள்ளினா ஹிட்ச்சும் வண்டியும் வரம்பு தாண்டும். நண்பன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "கம்பெனிக்காரன் எப்பவும் கொஞ்சம் மார்ஜின் வெச்சுதான் போட்டிருப்பான்டா, ஊர்ல லாரியில எல்லாம் எவ்வளவு ஏத்தறாங்க"ன்னு ஆரம்பிச்சான். எனக்கும் கோபம் வந்துடுச்சு. "மார்ஜின் இருக்கலாம்டா. ஆனா அது எவ்வளவுன்னு உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. பின் சீட்ல உன் பொண்ணை உட்கார வெச்சுக்கிட்டு அதைக் கண்டுபிடிக்க என்னால முடியாது"ன்னு சொல்லிட்டேன்.

உர்ருன்னு எழுந்து போயிட்டான். ரெண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. பத்து வருஷப் பழக்கத்துல அது கொஞ்சம் வலிச்சுதுதான். மூணாவது நாள் அவன் மனைவி போன் பண்ணாங்க. "அண்ணா, நானும் பாப்பாவும் ஃப்ளைட்ல போயிடறோம். டிக்கெட் போட்டாச்சு. அவரு பேப்பரை என்கிட்ட காட்டினாரு. நீங்க ரெண்டு பேரும் பத்திரமா வந்து சேருங்க." சூட்கேஸெல்லாம் விமானத்துல ஏறிச்சு. புத்தகங்கள் தபால்ல மீடியா மெயிலா போச்சு. வெட் கிரைண்டர் மட்டும் எங்க வீட்டுக்கு வந்தது. இன்னும் எங்க வீட்லதான் மாவு அரைச்சுக்கிட்டு இருக்கு. தங்கமணி திருப்பித் தர்றதா இல்லை :-)

கிளம்பறதுக்கு முந்தின நாள் வேலைதான் பெரிய வேலை. கரோலாவை ஏத்தினோம், உள்ளே ஒரு சாமான் இல்லை. முன்பாரத்தை அளக்கறதுக்குத் தனித் தராசு விக்கிறாங்க, ஆனா குளியலறைத் தராசே போதும். அது 300 பவுண்டுக்கு மேல தாங்காதே? அதுக்கு ஒரு வழி இருக்கு. மூணடி இடைவெளியில ஒரு பக்கம் கல், இன்னொரு பக்கம் தராசு, ரெண்டுக்கும் மேல ஒரு பலகை. கல்லுலேர்ந்து ஒரு அடி தள்ளி ட்ரெய்லர் மூக்கைப் பலகை மேல இறக்கணும். தராசு காட்டுறதை மூணால பெருக்கினா முன்பாரம். பலகையோட எடையை மட்டும் முன்னாடியே பார்த்துக் கழிச்சுக்கணும். ட்ரெய்லர் சமமட்டத்துல இருக்கணும், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கணும், ரொம்ப முக்கியம்.

முதல் தடவை 143 காட்டிச்சு, அதாவது 429. காரை ரெண்டங்குலம், அப்புறம் இன்னொரு அங்குலம் முன்னால நகர்த்தினோம். 160 வந்துது, அதாவது 480. கணக்குப் போட்டுப் பார்த்தா 2,800 பவுண்ட் காரை 14 அடி நீளத்துல ஒரு அங்குலம் நகர்த்தினா 16, 17 பவுண்ட் மாறும். மூணங்குலத்துக்கு 50. கணக்கும் தராசும் ஒத்துப் போனதுல நண்பன் முகத்துல முதல் தடவையா ஒரு சிரிப்பு. கரோலா டயர் நின்ன இடத்துல சுண்ணக்கட்டியால கோடு போட்டுட்டோம்.

அப்புறம் வழக்கமான பூஜைகள். நாலு சக்கரத்தையும் ராட்செட் பட்டையால இறுக்கறது. கரோலாவுக்கு ஹேண்ட் பிரேக். பந்தோட அளவும் ட்ரெய்லர் கொண்டையோட அளவும் ஒண்ணான்னு பார்க்கறது, ரெண்டங்குலம், ரெண்டே கால் சொச்சம்னு பல அளவு உண்டு, மாறினா கழண்டுக்கும். பாதுகாப்புச் சங்கிலி ரெண்டையும் குறுக்கால பெருக்கல் குறி மாதிரி மாட்டறது. ஒருவேளை கழண்டாலும் மூக்கு ரோட்ல குத்தாம சங்கிலித் தொட்டில்ல விழும். பிரேக்அவே கம்பியைத் தனியா வண்டியில மாட்டறது. ட்ரெய்லர் மொத்தமா பிச்சுக்கிட்டா அந்தக் கம்பி இழுபட்டு ட்ரெய்லர் பிரேக்கைத் தானா போட்டுடும். ட்ரெய்லர் டயர்ல குளிர்ந்த நிலையில 50 பிஎஸ்ஐ, பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கிற உச்ச அளவு. டயரோட வயசையும் பார்க்கணும், அதுல இருக்கிற கடைசி நாலு இலக்கம் தயாரிச்ச வாரமும் வருஷமும். நட்டு இறுக்கம். லைட்டு. அம்பது மைல் போனதும் நிறுத்தி, நட்டையும் பட்டையையும் மறுபடி இறுக்கறது.

ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம் வேணும். பல மாநிலங்கள்ல 3,000 பவுண்டுக்கு மேல போனா சட்டப்படியே வேணும். சட்டத்தை விடுங்க, எங்க ரெண்டு வண்டியும் சேர்ந்து 9,000 பவுண்டுக்கு மேல. ஹைலேண்டர் பிரேக் அதோட எடையை நிறுத்தறதுக்குச் செஞ்சது. அதைப் போல இன்னொரு மடங்கை அது தலையில கட்டினா எப்படி?

வேகம். கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்தா 55 மைல்தான் உச்ச வரம்பு, வலது பக்க லேன்லதான் போகணும். நண்பன் கடுப்பாயிட்டான். "65-ல போனா என்ன, எல்லாரும் போறாங்களே." பத்து மைல்தானேன்னு தோணும். ஆனா நிறுத்த வேண்டிய சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 55-லேர்ந்து 65-க்குப் போனா பிரேக்குக்கு வேலை கிட்டத்தட்ட 40 சதவீதம் அதிகம். வால் ஆட்டமும் வேகத்தோட சொந்தக்காரன்தான்.

கார்னிங்ல ஒரு ட்ரக் ஸ்டாப்புல வண்டியை எடை மேடையில ஏத்தினோம். லாரிக்காரங்க உபயோகிக்கிற கேட் ஸ்கேல், யார் வேணா ஏத்தலாம். ரசீதுல முன் அச்சு 2,360, பின் அச்சு 2,940, ட்ரெய்லர் அச்சுகள் 3,880, மொத்தம் 9,180. குருநாதர் சொல்லியிருந்தார், பின்னால முன்பாரம் உட்காரும்போது வண்டியோட முன் சக்கரத்துலேர்ந்து கொஞ்சம் எடை தூக்கிடும்னு. எங்களுக்கு ஒரு 200 பவுண்ட் தூக்கியிருந்தது. ஸ்டியரிங் லேசா இருக்கிற மாதிரி தோணினதுக்குக் காரணம் அதுதான். இது அளவு மீறிப் போறவங்களுக்காகத்தான் எடையை முன்னால தள்ளிவிடற தனி ஹிட்ச் இருக்கு. அதை மாட்டலாமா கூடாதான்னு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பார்த்துட்டுதான் மாட்டணும்.

ரெட்டிங்ல அனல் காத்து. அங்கேர்ந்து ஷாஸ்டா ஏரி, மலைப்பாதை, ஏற்றம். வலது லேன்ல லாரிகளோட லாரியா, அவசரமே படாம ஏறினோம். வீட் ஊரைத் தாண்டி இறக்கத்துல வரும்போதுதான் அது நடந்துது. பக்கவாட்டுல ஒரு காத்து, அதே நேரம் இடது பக்கம் ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிச்சு. லாரியோட மூக்கு வரும்போது நம்மளைத் தள்ளும், வால் போகும்போது உள்ளே இழுக்கும். ட்ரெய்லர் ஒரு பக்கம் போச்சு, மறுபக்கம் வந்துது, மறுபடி போச்சு. கண்ணாடியில கரோலா ஒரு தடவை வலது பக்கமும் ஒரு தடவை இடது பக்கமும் தெரிஞ்சுது. நண்பன் டேஷ்போர்டைப் பிடிச்சுக்கிட்டான். "பிரேக் போடுடா"ன்னு கத்தினான்.

அதைத்தான் செய்யக் கூடாது. வண்டி பிரேக்கை மிதிச்சா முன்னால இருக்கிறது நிக்கும், பின்னால இருக்கிறது தள்ளும், ஆட்டம் பெருசாகும். ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிச் சரி பண்ணவும் கூடாது, நம்ம கை எப்பவும் ஒரு ஆட்டம் தாமதமாதான் வரும். ஸ்டியரிங்கை நேரா கெட்டியா பிடிச்சு, ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்து, பிரேக் கண்ட்ரோலர்ல இருக்கிற சின்ன நெம்பை மட்டும் கையால அழுத்தணும். அது ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போடும். பின்னாலேர்ந்து ஒருத்தர் வாலைப் பிடிச்சு இழுத்த மாதிரி ரெண்டும் நேர்க்கோட்டுக்கு வந்துடும். குருநாதர் காலி மைதானத்துல என்னை அந்த நெம்பைக் கண்ணை மூடிக்கிட்டுத் தொட வெச்சுப் பழக்கியிருந்தார். ரெண்டு செகண்ட் அழுத்தினேன். மூணாவது ஆட்டம் ரெண்டாவதை விடச் சின்னது. நாலாவது இல்லவே இல்லை.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. அப்புறம் நண்பன் மெதுவா, "டிக்கியில 300 பவுண்ட் இருந்திருந்தா?"ன்னு கேட்டான். நான் பதில் சொல்லலை. எட்டு சதவீதக் கணக்கு அவனுக்கே தெரியும்.

வைரிக்கால ராத்திரி தங்கி மறுநாள் காலையில சிஸ்கியூ கணவாய். ஐ-5 நெடுஞ்சாலையிலேயே உயரமான இடம், 4,310 அடி. ஏறினதும் ஓரிகன் பக்கம் ஆஷ்லண்ட் வரைக்கும் ஏழு மைல் போல 6 சதவீத இறக்கம். பிரேக் போன லாரிகள் ஏறி நிக்கறதுக்கு ஓரத்துல தனிப் பாதை போட்டு வெச்சிருக்காங்கன்னா பார்த்துக்குங்க. இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சுடணும். இன்ஜின் கொஞ்சம் கத்தும், கத்தட்டும், அதுதான் அதோட வேலை. பிரேக் மேல காலை வெச்சுத் தேய்ச்சுக்கிட்டே இறங்கினா சூடேறி, தேவைப்படற நேரத்துல பிரேக் பிடிக்காது. வேகம் ஏறினா ஒரு தடவை நல்லா அழுத்தி அஞ்சு மைல் குறைச்சுட்டுக் காலை எடுத்துடணும். மறுபடி ஏறினா மறுபடி. ஆஷ்லண்ட்ல நிறுத்தி ட்ரெய்லர் சக்கரத்துப் பக்கத்துல கையை வெச்சுப் பார்த்தேன். நாலும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. ஒண்ணு மட்டும் கொதிச்சா பேரிங்கோ பிரேக்கோ சரியில்லைன்னு அர்த்தம்.

சாயந்திரம் ஹில்ஸ்பரோ. மச்சான் கையில ஸ்பேனரோட வாசல்லயே நின்னான். இப்ப அந்த கரோலா நல்லா ஓடுது. போற வழியில மைலேஜ் 22-லேர்ந்து 13-க்கு இறங்கினதுல பெட்ரோல் செலவு, ஒரு ராத்திரி ரூம், விமான டிக்கெட் ரெண்டு எல்லாம் சேர்த்தா பெரிய லாபமில்லைன்னு நண்பனே கணக்குப் பார்த்துச் சொன்னான். அதுவும் சரிதான். காசு மிச்சம் பண்ணத்தான் இழுக்கப் போறீங்கன்னா, கார் கம்பெனிக்காரன்கிட்ட ஒரு விலை கேட்டு வெச்சுக்கிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

இழுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, பேப்பர் எடுத்து நாலு வரி எழுதுங்க. ட்ரெய்லர், அது மேல கார், பட்டை எல்லாம் கூட்டி வண்டியோட இழுப்பு வரம்புக்குக் கீழ இருக்கா? முன்பாரம் 10 சதவீதத்துக்கு மேலயும் ஹிட்ச் வரம்புக்குக் கீழயும் இருக்கா? கதவு ஸ்டிக்கர் நம்பர்ல முன்பாரத்தையும் ஆட்களையும் சாமானையும் கழிச்சா மிச்சம் வருதா? ட்ரெய்லருக்குத் தனி பிரேக்கும், கைக்கு எட்டற இடத்துல அந்த நெம்பும் இருக்கா? நாலுல ஒண்ணுக்கு 'இல்லை'ன்னு வந்தாலும் சாமானைக் குறைங்க, இல்லைன்னா வேற ட்ரெய்லர் பாருங்க. யார் முகம் சுளிச்சாலும் பரவாயில்லை. ரெண்டு நாள்ல சரியாயிடும்.

அப்ப வர்ட்டா?